பந்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள், கையை அளந்து பாருங்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர் யாரையாவது நீங்கள் சமீபத்தில் பார்க்கப் போயிருப்பீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போவதைவிட இப்படிப் போவதுதான் அதிகம். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "நடக்கிறாரா?" என்பதுதான். "வாக்கர் பிடிச்சு நடக்காங்க" என்று பதில் வந்துவிட்டால் எல்லோர் முகத்திலும் நிம்மதி. கையைப் பற்றி யாராவது விசாரித்தால், "கை மெதுவாத்தான் வருமாம். பந்து குடுத்து அமுக்கச் சொல்லியிருக்காங்க" என்பார்கள். மடியில் ஒரு மஞ்சள் ஸ்பான்ஜ் பந்து கிடக்கும்.

எனக்கு அந்தப் பந்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அந்தக் கையில் எந்த விரல் அசைகிறது, எது அசையவில்லை, தொட்டால் தெரிகிறதா, பிடித்ததை விட முடிகிறதா என்று முறையாகச் சோதித்து ஒரு காகிதத்தில் எழுதிவைக்காமல், பந்து ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வழக்கத்தின் மேல் வருகிற கோபம் அது.

நான் டாக்டர் இல்லை. கருவூலத்தில் 33 வருடம் பில் பார்த்தவன். தொகை எழுதாத பில்லை நாங்கள் பாஸ் செய்ததில்லை. 'ஏறக்குறைய சரியாக இருக்கிறது' என்று எந்த ஆடிட்டரிடமும் சொல்ல முடியாது. ஓய்வூதியர் நேர்காணலுக்கு வருகிறவர்களில் கையெழுத்துப் போட முடியாமல், மையொட்டிய பெருவிரலோடு தலைகுனிந்து நிற்கிற பெரியவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் மதிப்பெண் போட்ட கை, பத்திரம் எழுதிய கை, பெருவிரல் ரேகை வைக்கும்போது அந்த மனிதரின் முகம் எப்படி ஆகும் என்பது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலது பக்கம் விழுந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி. ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் கொடுத்த நான்கு பக்கக் காகிதத்தைப் பழைய பழக்கத்தில் வரி வரியாகப் படித்தேன். சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. கைக்கு மட்டும் ஒரே வரி: வலது மேல் அங்கத்தின் பலம் 3/5.

அந்த 3/5 என்றால் என்ன? பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை தசைக்குப் போடும் மதிப்பெண் அது. மூன்று என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது, அதற்கு மேல் எதிர்ப்புக் கொடுத்தால் தாங்காது என்று பொருள். எதைத் தூக்க முடிகிறது? தோளையா, முழங்கையையா, மணிக்கட்டையா, ஆள்காட்டி விரலையா? ஒரு கையில் முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வேலை செய்கின்றன. ஒரு மாவட்டத்தின் செலவு முழுவதையும் ஒரே எண்ணில் எழுதி அனுப்பினால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இது ஒரு ஆஸ்பத்திரியின் குறை மட்டும் என்று நினைத்திருந்தேன். விசாரிக்க விசாரிக்க, உலகம் முழுவதும் வழக்கத்தில் இருக்கும் அளவுகோல்களே கையைத் தாண்டிப் போகின்றன என்று தெரிந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் போடும் ஸ்ட்ரோக் மதிப்பெண் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தின் பெயரில் என்.ஐ.எச். ஸ்கேல் என்பார்கள். மொத்தம் 42. அதில் கைக்கான சோதனை, கையை நீட்டிப் பத்து விநாடி தாழாமல் வைத்திருக்க முடிகிறதா என்பதுதான். விரல்களுக்கு என்று அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஐந்து விரலும் செத்துக் கிடந்தாலும் தோள் தாங்கினால் கைக்குப் பூஜ்யம், அதாவது குறையில்லை.

அடுத்தது, நோயாளி எந்த அளவு மீண்டார் என்று சொல்ல எல்லோரும் எடுக்கும் ரேங்கின் ஸ்கேல். பூஜ்யத்திலிருந்து ஆறு வரை. அதில் மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவே கோடு போடுவது எது? துணையில்லாமல் நடக்க முடிகிறதா என்பது. கை என்ற சொல்லே அதில் இல்லை.

மூன்றாவது, 1965-ல் வந்த பார்த்தல் இண்டெக்ஸ். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்து வேலைகளுக்கு மொத்தம் நூறு மதிப்பெண். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வேலையை எந்தக் கையால் செய்தீர்கள் என்று அது கேட்பதில்லை. எல்லாவற்றையும் இடது கையாலேயே சமாளித்துவிடுகிற சாமர்த்தியசாலி வலது கை மடியில் கிடக்க நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். 'பூரண குணம்' என்று ஃபைலை மூடிவிடலாம்.

இந்த அளவுகோல்கள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. அவை உண்டாக்கப்பட்ட காரியம் வேறு. அவற்றை வைத்துக்கொண்டு 'கையையும் பார்த்தாயிற்று' என்று சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

கையை அளக்க வழியே இல்லையா என்றால், அரை நூற்றாண்டாக இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஃபுகல்-மேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1975-ல் வெளியிட்ட சோதனையில் தோள் முதல் விரல் நுனி வரைக்கும் 66 மதிப்பெண். 1981-ல் லைல் என்பவர் வகுத்த ஆக்‌ஷன் ரிசர்ச் ஆர்ம் டெஸ்டில் 19 வேலைகள், 57 மதிப்பெண். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது தெரியுமா? நாலு அளவில் மரக்கட்டைகள், ஒரு கிரிக்கெட் பந்து, ஒரு சாணைக்கல், ஒரு கோலிக்குண்டு, ஆறு மில்லிமீட்டர் இரும்புக் குண்டு, இரண்டு டம்ளர். கட்டையைப் பிடித்துத் தட்டில் வைக்க வேண்டும். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோலியைப் பெருவிரலுக்கும் இன்னொரு விரலுக்கும் நடுவே பிடித்து எடுக்க வேண்டும். கையைத் தலைக்குப் பின்னால், உச்சந்தலையில், வாயில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண்.

இதைவிட எளிது பாக்ஸ் அண்ட் பிளாக் டெஸ்ட். நடுவில் தடுப்பு உள்ள ஒரு பெட்டி. ஒரு பக்கம் இரண்டரை செண்டிமீட்டர் மரக்கட்டைகள் 150. ஒரு நிமிடத்தில் ஒவ்வொன்றாக எத்தனை கட்டையைத் தடுப்பைத் தாண்டிப் போடுகிறீர்கள் என்று எண்ணுவது. எழுபதை ஒட்டிய ஆரோக்கியமான ஆள் அறுபதுக்கு மேல் போடுவார். மொத்தச் சோதனையும் ஒரு நிமிடம். ஒரு கைக்கு ஒரு எண். மூன்று மாதம் கழித்து இன்னொரு எண். சிகிச்சை பலிக்கிறதா இல்லையா என்று மனைவி, மகன், டாக்டர் எல்லோருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இப்போது பந்துக்கு வருவோம். பக்கவாதம் வந்த கையில் சில வாரங்களில் இறுக்கம் ஏறும். மடக்கும் தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ளும். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். அப்படிப்பட்ட கைக்குப் பிடிப்பது சிரமமில்லை. விடுவதுதான் சிரமம். டம்ளரைப் பிடித்தவர் விரலைத் திறக்க முடியாமல் இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கையிடம் போய் நாள் முழுக்க அமுக்கு, அமுக்கு என்றால் திறக்க எப்படிப் பழகும்? வேறொருவருக்கு இறுக்கமே இல்லாமல் கை துவண்டு கிடக்கலாம். இன்னொருவருக்கு விரல் நன்றாக அசையும், ஆனால் உணர்ச்சி இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கையில் ஒரு சாவியையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் வைத்தால் எது எதுவென்று சொல்லத் தெரியாது. அந்த அம்மா அடுப்படிக்குப் போனால் சுட்டுக்கொள்வார், சுட்டதும் தெரியாது. மூன்று பேருக்கும் மூன்று விதமான சிகிச்சை வேண்டும். மூன்று பேருக்கும் கிடைப்பது ஒரே மஞ்சள் பந்து. ஏனென்றால் மூன்று பேரின் கையையும் யாரும் பார்க்கவில்லை.

"அளந்து என்ன ஆகப் போகிறது? வருவது வரும், வராதது வராது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தியம் படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு பதில் நெதர்லாந்திலிருந்து வந்திருக்கிறது. 2010-ல் வெளியான ஆய்வு அது. பக்கவாதம் வந்த இரண்டாம் நாளே படுக்கையருகே இரண்டு விஷயங்களைப் பார்த்தார்கள்: விரலைக் கொஞ்சமாவது நீட்ட முடிகிறதா, தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது விலக்க முடிகிறதா? இரண்டும் முடிந்தவர்கள் ஆறு மாதத்தில் ஓரளவாவது கைத்திறன் பெறும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். இந்தச் சோதனைக்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். முதல் மூன்று மாதங்களில்தான் மீட்சியின் வேகம் அதிகம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த மூன்று மாதத்தையும் 'மெதுவாத்தான் வரும்' என்ற ஒரே வார்த்தையில் கழித்துவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை அசையத் தொடங்கிய பிறகும் வீட்டில் அது வேலை செய்யாமல் போவது உண்டு. ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்ற மூளை, அந்தக் கை இருப்பதையே மறக்கப் பழகிக்கொள்கிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைக் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்று விளக்கினார். இதற்கு ஒரு சிகிச்சை உண்டு. நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்திவிட்டு, இரண்டு வாரம் பலவீனமான கையைத் தீவிரமாக வேலை வாங்குவது. பக்கவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனை 2006-ல் வெளியானது. கை உண்மையிலேயே முன்னேறியது, அந்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. ஆனால் இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் ஆகாது. மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது நீள வேண்டும். யாருக்கு நீள்கிறது, எத்தனை டிகிரி நீள்கிறது என்று அளந்தால்தானே தெரியும்?

ஆகவே கையைச் சோதிப்பது என்றால் ஆஸ்பத்திரி மேஜையில் என்ன செய்கிறது என்பதோடு முடிந்துவிடாது. வீட்டில் என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும். விளக்கு சுவிட்சைப் போட்டது எந்தக் கை, கதவைத் திறந்தது எந்தக் கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று மதிப்பெண் போடும் கேள்விப் பட்டியலே இருக்கிறது. நம் வீடுகளில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அன்பினால் நாம் செய்யும் கெடுதல் அதிகம். "நீங்க சும்மா இருங்க, நான் ஊட்டுறேன்" என்று அக்கா ஐந்து மாதம் அத்தானுக்கு ஊட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கையால் என்ன முடியும், எதை அதனிடம் விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம்தான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைத்தார். இளம் பெண். முதல் நாள் பயிற்சி எதுவும் தரவில்லை. முக்கால் மணி நேரம் சோதித்தார். பெட்டியையும் கட்டைகளையும் வைத்தார். இடது கை 58, வலது கை 11. அத்தான் அந்தப் பதினொன்றைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, அஞ்சு மாசத்துல முதல் தடவையா எனக்கு ஒரு மார்க் போட்டிருக்காங்க" என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர் அவர். மூன்று மாதத்தில் வலது கை 24 ஆனது. பழைய கையெழுத்து இன்னும் வரவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானில் மூன்றைத் தானே போடுகிறார்.

"குறைந்த மார்க் போட்டால் நோயாளி மனம் உடைந்துவிடும்" என்று ஒரு வாதம் கேட்டேன். சர்க்கரை 300 என்று சொன்னால் உடையாத மனமா கட்டை 11 என்றால் உடையும்? எண்ணே இல்லாமல், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று மாதக் கணக்கில் கேட்டுக்கொண்டு, உள்ளுக்குள் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும் தலையாட்டுவதில்தான் மனம் உடைகிறது.

"நேரமில்லை, ஆள் இல்லை" என்பது அடுத்த வாதம். அரசு ஆஸ்பத்திரிகளின் கூட்டம் எனக்கும் தெரியும். முழுச் சோதனைக்கு ஆள் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் விரல் நீட்டலும் தோள் விலக்கலும் பார்க்க இரண்டு நிமிடம், கட்டை எண்ண ஒரு நிமிடம். பெட்டியையும் கட்டைகளையும் நம் ஊர்த் தச்சரே செய்து தருவார். லட்சக்கணக்கில் பில் போடும் தனியார் ஆஸ்பத்திரிகள் இந்தச் சாக்கைச் சொல்லவே கூடாது.

நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. கையைப் பார்ப்பதில் உலகத்துக்கே பாடம் சொன்ன மண் இது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை ஒவ்வொரு தசையாகச் சோதித்து, வேலை செய்யும் தசைநாரை எடுத்து வேலை செய்யாத இடத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தார். அவரோடு பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ மையமும் வந்தது. ஊர் ஒதுக்கிய ஏழைத் தொழுநோயாளியின் சுண்டுவிரலுக்குக் கிடைத்த அந்தக் கவனம், இன்றைக்கு ஏ.சி. அறையில் படுத்திருக்கும் பக்கவாத நோயாளிக்கு ஏன் கிடைப்பதில்லை?

ஒன்று மட்டும் நம் ஊருக்கேற்ப மாற வேண்டும். வெளிநாட்டுச் சோதனைகளில் ஒன்று, 1969-ல் வந்த ஜெப்சன் சோதனை, சாப்பிடும் திறனை ஸ்பூனில் பயறு அள்ள வைத்துப் பார்க்கிறது. நாம் ஸ்பூனிலா சாப்பிடுகிறோம்? சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரல்நுனியில் திரட்டி, பெருவிரலால் தள்ளி வாயில் போடுவதற்கு வேண்டிய நுட்பம் வேறு. வேட்டியை இடுப்பில் செருகுவது, சேலைக்குக் கொசுவம் வைப்பது, பூக் கட்டுவது, அட்டையிலிருந்து மாத்திரையை உடைத்து எடுப்பது, இவையெல்லாம் சோதனையில் இடம்பெற வேண்டும். இடது கை விழுந்தவரைப் பார்த்து "இடது கைதானே, தப்பிச்சீங்க" என்கிறார்களே, அவர்கள் கழிவறையைப் பற்றி யோசித்துப் பார்க்கட்டும். தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாத மனிதருக்குப் போகிற மானத்தை எந்த மதிப்பெண் பட்டியலில் எழுதுவது?

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். வருகிறவர்கள் கையில் ரத்த அழுத்தக் கருவியோடு அந்தக் கட்டைப் பெட்டியும் ஒரு அட்டையும் இருக்க வேண்டும் என்பது அரசுக்கு என் கோரிக்கை. டிஸ்சார்ஜ் அன்று, ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று அந்த அட்டையில் நான்கு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைக்கும் எண்கள். பெரிய செலவில்லை.

அரசும் ஆஸ்பத்திரிகளும் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்தால், டிஸ்சார்ஜ் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். விரலை நீட்ட முடிகிறதா என்று பார்த்தீர்களா? தொடு உணர்ச்சி இருக்கிறதா? பிடித்ததை விட முடிகிறதா? கைக்கு எந்தச் சோதனை செய்தீர்கள், எத்தனை மதிப்பெண்? அடுத்த சோதனை எந்தத் தேதியில், யாரிடம்? பதில்களை அந்தக் காகிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களாக வீட்டில் கையைப் பிடித்து இழுத்துச் சோதிக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் எளிதில் இறங்கிவிடும், வலி பிடித்துக்கொள்ளும்.

கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். பில்லைக் கட்டுகிறவர் நீங்கள். அந்தக் கையோடு மீதி வாழ்நாளைக் கழிக்கப் போகிறவர் உங்கள் வீட்டுக்காரர்.